வாலில்லாத இறைச்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் பூன் லே எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதிக்குள் தோள் இடிபடாமல் நடந்துவிட முடியாது. ஜூரோங், துவாஸ் பக்கத்துத் தங்கும்விடுதிகளிலிருந்து பேருந்து பேருந்தாக வந்திறங்கும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிகள் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுக்கொண்டு, வாரச் சாமான்கள் வாங்கப் பேரங்காடிக்குள் நுழைவார்கள். அங்கே உறைபெட்டியின் முன்னால் நின்ற இருவருக்கிடையே நடந்த பேச்சு இது.

“அண்ணே, இதுல என்ன இருக்கு?”

“கணவாய்னு போட்டிருக்கு.”

“போட்டிருக்கு, சரி. இருக்கா?”

அண்ணன் சிரித்தார். கையிலிருந்த பையைத் திருப்பி, படிந்திருந்த பனித்துகளைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். முன்பக்கத்தில் அலையிலிருந்து துள்ளும் கணவாயின் படம், உள்ளங்கை அகலத்துக்கு. பின்பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியல், கடுகளவு எழுத்தில். சிங்கப்பூரின் உணவு விதிமுறை கேட்பது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், எழுத்தின் உயரம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சட்டத்தை யாரும் மீறவில்லை. அண்ணனால்தான் படிக்க முடியவில்லை. மூன்று வெள்ளிக்குள் விலை. பை கூடைக்குள் போயிற்று.

தம்பி கேட்ட கேள்விக்கு 2020இலேயே ஒரு பதில் வந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ருடால்ஃப் மையரின் ஆய்வுக்குழு, இங்குள்ள பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் கடலுணவு வாங்கி மரபணுச் சோதனை செய்தது. மீன் துண்டு, மீன் முட்டை என ஒரே உயிரினத்தின் பெயரில் விற்றவை 92 மாதிரிகள். உருண்டை வகையறாக்கள் போல அரைத்துக் கலந்தவை 13. முதல் வகையில் பெயர் தெளிவாகவே பொய்யாக இருந்தது 7.6 விழுக்காட்டில். ஹாலிபட் என்ற பெயரில் மலிவான வேறொரு தட்டைமீன் கிடைத்தது. இறால் முட்டை என்ற பெயரில் மீன் முட்டை கிடைத்தது. உலக நடப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றும் மோசமில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

கலப்பு வகையில்தான் கதை மாறியது. அங்கே பொய் 38.5 விழுக்காடு, அதாவது 13 மாதிரிகளில் ஐந்து. கணவாய் உருண்டையிலும் இறால் உருண்டையிலும் பன்றியின் மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தலைகாட்டியது. இறால், நண்டு என்று பெயர் போட்ட கலப்புப் பொருள் ஒன்றில்கூட இறாலோ நண்டோ அகப்படவில்லை. ஃபுட் கன்ட்ரோல் என்ற ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஆவி’யாகிப்போன ஓட்டுமீன்களைப் பற்றி ஒரு குறும்பு உண்டு.

முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடு இது. ஸ்டீம்போட் சட்டியைச் சுற்றி எல்லா இனத்தாரும் உட்காரும் நாடும்கூட. கணவாய்க்குள் பன்றி என்றால் ஊர் ரெண்டுபட்டிருக்க வேண்டாமா? 2020 என்றதும் நம் நினைவுக்கு வருவது முகக்கவசமும் பூட்டப்பட்ட விடுதிகளும்தான். ஐந்து உருண்டைப் பைகளை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

கிருமித்தொற்றின் மீது முழுப் பழியையும் போட்டுவிடவும் முடியாது. இறைச்சியில் பொய் என்றால் எதற்கு அலறுவது, எதற்கு அலறாமல் இருப்பது என்பதில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்துக்கு நல்ல உதாரணம் சென்னையில் கிடைக்கும்.

2018 நவம்பர் 17 அன்று எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த இறைச்சிப் பெட்டிகள் பிடிபட்டன. எடை 2,000 கிலோவுக்கும் மேல். தோலுரித்த உடல்களில் வால் நீளமாக இருந்தது. அவ்வளவுதான், நாய்க்கறி என்ற முடிவுக்கு ஊர் வந்துவிட்டது. தொலைக்காட்சிகள் முழங்கின, வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் பறந்தன, ரோட்டோர பிரியாணிக் கடைக்காரர்கள் அடுப்பை மூட்டிவிட்டு ஆள் வராமல் உட்கார்ந்திருந்தார்கள். 2002இல் வந்த ‘ரன்’ படத்தில் விவேக் காக்கா பிரியாணி சாப்பிடும் காட்சியைப் பார்த்துச் சிரித்த தலைமுறைக்கு, மலிவு பிரியாணி மீதான சந்தேகம் தயாராகவே இருந்தது. அதற்கு ஒரு வால்தான் தேவைப்பட்டது. சில நாள் கழித்து சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை முடிவு வந்தது. ஆட்டுக்கறி.

2024 ஜூலையில் பெங்களூரு ரயில் நிலையத்தில் இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. ராஜஸ்தானிலிருந்து வந்த பெட்டிகள், நாய்க்கறி என்ற கூச்சல், கூட்டம், போலீஸ். அங்கேயும் சோதனையில் வந்தது ஆடுதான். சிரோஹி என்ற வட இந்திய ஆட்டினத்துக்கு வால் கொஞ்சம் நீளம், உடம்பில் புள்ளிகளும் உண்டு, அதனால் ஏற்பட்ட குழப்பம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தான் ஆண்டவன் என்பார்கள். ராஜஸ்தானில் அளவுகோல் கொஞ்சம் வேறு போலிருக்கிறது.

வாலைப் பார்த்து முடிவெடுத்ததில் ஒரு நியாயமும் இருந்தது. தமிழ்நாட்டுக் கறிக்கடையில் தோலுரித்துத் தொங்கும் ஆட்டின் வால் நுனியில் மட்டும் ரோமத்தை விட்டுவைப்பார்கள். வெள்ளாட்டின் வால் குட்டையாக நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் தொங்கும். வாங்க வருகிறவர் முதலில் வாலைப் பார்ப்பார், பிறகுதான் “தொடையில அரைக்கிலோ போடுப்பா” என்பார். அச்சடித்த லேபிள் வருவதற்கு முன்பிருந்தே நம் ஆட்களிடம் இருந்த லேபிள் அது. படிப்பு தேவையில்லை, கண்ணாடி தேவையில்லை, 1.5 மில்லிமீட்டர் தொல்லையும் இல்லை. அந்த லேபிள் பழக்கமில்லாத வடிவத்தில் வந்ததும் ஊர் பயந்தது.

உருண்டைக்கு வால் கிடையாது.

அரைத்து, கழுவி, உப்பும் மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் உருட்டி, வேகவைத்து, உறையவைத்த பிறகு கண்ணும் நாக்கும் கைவிட்டுவிடும். மீனா, கோழியா, பன்றியா என்று சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். ஆகப் பெரிய பொய்க்கு இடமிருப்பது அங்கேதான், நம் அலறல் போய்ச் சேராத இடமும் அதுதான். காரணம் எளிது. ரோட்டோர பிரியாணிக்காரருக்கு முகம் உண்டு, தள்ளுவண்டி உண்டு, பெரும்பாலும் அவருக்கு என்ன மதம் என்பதும் தெரியும். திட்டுவதற்குத் தோதான ஆள். உறைபெட்டிக்குள் கிடக்கும் பைக்கு முகமே இல்லை. அதன் தொழிற்சாலை எந்த நாட்டில் என்பதே பின்பக்கத்துக் கடுகெழுத்தில் ஒளிந்திருக்கும்.

ஐரோப்பாவைக் கொஞ்ச காலம் உலுக்கிய குதிரை இறைச்சி விவகாரத்தையும் இங்கே பார்க்க வேண்டும். 2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பர்கர்கள் 27 வகை. பத்தில் குதிரையின் மரபணு, 23இல் பன்றியின் மரபணு. டெஸ்கோ பேரங்காடியின் ஆக மலிவான வரிசையில் விற்ற ஒரு பர்கரில் இறைச்சியின் 29 விழுக்காடு குதிரை. அடுத்த மாதம் ஃபின்டஸ் நிறுவனத்தின் உறையவைத்த லசான்யாவைச் சோதித்தால், சிலவற்றில் மாடே இல்லை, மொத்தமும் குதிரை. ருமேனியாவின் அறுப்புக்கூடத்தில் குதிரை என்று புறப்பட்ட இறைச்சி ஒரு நெதர்லாந்துத் தரகர் வழியாக பிரான்சுக்குப் போய், அங்கே மாடாகி, லக்சம்பர்க் தொழிற்சாலையில் லசான்யாவாகி, பிரிட்டனின் உறைபெட்டியில் வந்து படுத்தது. அந்தத் தரகருக்கு பாரிஸ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்க 2019 ஆயிற்று.

பிரிட்டிஷ் மக்கள் முதலில் சிரித்தார்கள். குதிரை பற்றிய கடி ஜோக்குகள் வாரக்கணக்கில் ஓடின. டெஸ்கோ செய்தித்தாள்களில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் கொடுத்தது. சிரிப்பு அடங்கியதும் இன்னொரு குரல் எழுந்தது. இந்த விலைக்கு பர்கர் வாங்கினால் வேறென்ன கிடைக்கும் என்ற குரல். ஜெர்மனியில் அது ஒருபடி மேலே போனது. திரும்பப் பெற்ற லசான்யாவைக் குப்பையில் கொட்டுவதைவிட ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் யோசனை சொல்ல, வளர்ச்சி உதவித் துறை அமைச்சர் டிர்க் நீபெல் அதை ஆதரித்தார். பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு ஆகாத பொருள், இலவசமாக வாங்குகிறவருக்கு ஆகுமாம்.

‘இந்த விலைக்கு வேறென்ன’ என்ற வாக்கியம் பூன் லேயிலும் கேட்கும், சென்னையிலும் கேட்கும். கேட்க நடைமுறை ஞானம் போல இருக்கும். யோசித்தால் அநியாயம். மலிவு விலைக்கு வாங்குகிறவர் மலிவான மீனுக்கு ஒப்புக்கொண்டார், மாவு கூடுதலாக இருப்பதற்கு ஒப்புக்கொண்டார், ருசி குறைவதற்கும் ஒப்புக்கொண்டார். பெயர் பொய்யாக இருப்பதற்கு அவர் எங்கே ஒப்புக்கொண்டார்? மூன்று வெள்ளிப் பையில் ‘மீனும் பன்றிக் கொழுப்பும்’ என்று அச்சடிக்க, ‘கணவாய்’ என்று அச்சடிப்பதைவிட அதிகமாக மை செலவாகப் போவதில்லை.

மரபணுச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பன்றியின் மரபணு இருந்தது என்றால் எவ்வளவு இருந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. அயர்லாந்தின் அந்த 23 பர்கர்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது வெறும் சுவடுதான். ஒரே தொழிற்சாலையில் காலையில் பன்றி, மாலையில் மாடு என்று ஓடும் அரவை இயந்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டாலே அவ்வளவு வந்துவிடும். உருண்டையிலும் அப்படி நடந்திருக்கலாம். வேண்டுமென்றே கொழுப்பு சேர்த்திருக்கலாம். உருண்டை குலையாமல் நிற்க விலங்கு ரத்தத்தின் புரதத்தைச் சேர்க்கும் வழக்கமும் உலகில் உண்டு. இதில் எது என்று தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் 2014 மே மாதம் நடந்தது இதற்குப் பாடம். மலேசியாவின் இரண்டு கேட்பரி சாக்லேட் வகைகளில் பன்றியின் மரபணு இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. புறக்கணிப்புக் குரல்கள் பலமாக எழுந்தன. சில நாளில் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், தொழிற்சாலையிலிருந்தே மாதிரிகள் எடுத்துச் சோதித்துவிட்டு, பன்றி இல்லை என்றது. கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் நம்பியது அமைச்சின் வார்த்தையை. ஆறு ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில், ஜொகூரின் செனாயில் ஒரு கிடங்கு பிடிபட்டது. இறக்குமதியான உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை குத்தி விற்றதாகக் குற்றச்சாட்டு. ஒருமுறை சாக்லேட்டுக்குக் கொதித்துத் தணிந்த சமூகம், மறுமுறை கிடங்கைப் பார்த்துத் திகைத்து நின்றது.

சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழுக்குப் பின்னால் உறுதியான அமைப்பு இருக்கிறது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் சான்றிதழ் வழங்கிவருகிறது. அதன் அனுமதியில்லாமல் ஹலால் முத்திரை போட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பன்றி இறைச்சிப் பொட்டலத்தில் ஹலால் சின்னம் இருப்பது போன்ற படம் சுற்றியபோது, அது பொய்ப் படம் என்று சொல்லி ஃபேர்பிரைஸ் பேரங்காடி போலீசுக்குப் போனது. முத்திரையின் மதிப்பு எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அந்த வேகம்.

மாடு சாப்பிடாத தமிழ் இந்துவுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. ஹலால் சின்னம் மாட்டைத் தடுக்காது. அவருக்கு இருப்பது கடுகெழுத்துப் பட்டியல் மட்டும். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மெக்டோனல்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பது 2001இல் அம்பலமாக, இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த வறுவலில் யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை. உடம்புக்குக் கெடுதலில்லை என்பது அங்கே பதிலாகவே ஏற்கப்படவில்லை.

வார்த்தைக் குழப்பம் வேறு. ‘மட்டன்’ என்றால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி. அறந்தாங்கியிலிருந்து நேற்று வந்திறங்கிய தம்பிக்கோ அது வெள்ளாடு. இரண்டுமே ஆடுதான், யாரும் ஏமாற்றவில்லை. எருமைத் தெரு, கெர்பாவ் சாலை என்று மாட்டு வணிகத்தின் பெயர்களைச் சுமந்து நிற்கும் அந்த வட்டாரத்தில் கறிக்கடைக்காரரைக் கேட்டால் வாய் வார்த்தையிலேயே சொல்லிவிடுவார். கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் பெயர் துல்லியமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தெளிவான பொய் குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், பல பெயர்கள் எதையும் தெளிவாகச் சொல்லாமல் இருப்பது. ‘கடலுணவு உருண்டை’ என்று போட்டுவிட்டால் எந்த ஆய்வுக்கூடம் வந்தாலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. வாலை ஒட்ட நறுக்கிவிட்ட பெயர் அது.

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அறிவிக்காத பால், அறிவிக்காத நிலக்கடலை என்று ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் விடுபட்டால், சிங்கப்பூர் உணவு அமைப்பு அந்தப் பொருளின் பெயரையும் படத்தையும் போட்டு மீட்டுக்கொள்ளச் சொல்கிறது. அதையே அறிவிக்காத பன்றிக்கும் மாட்டுக்கும் செய்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை மலிவு உறைபெட்டியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, எந்தப் பை, எந்த நிறுவனம், சுவடா கலப்பா என்று பெயரோடு வெளியிட வேண்டும். தேசியப் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பயன்பட்ட மினயான் என்ற மரபணு வாசிப்புக் கருவி உள்ளங்கையில் அடங்கக்கூடியது, செலவு ஒரு சாக்காகாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புக்குப் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 2028க்குள் படிப்படியாக நடப்புக்கு வரும். விதிமுறைகளைத் திருத்தி எழுத இதைவிட நல்ல நேரம் வராது. அப்படியே அந்த 1.5 மில்லிமீட்டரையும் கொஞ்சம் வளர்த்துவிடலாம்.

அயர்லாந்தின் ஆணையம் டெஸ்கோவின் பெயரைச் சொன்னதால்தான் முழுப்பக்க மன்னிப்பு வந்தது. பெயர் சொல்லாத சதவீதக் கணக்குக்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்னால் நல்ல மனது கொண்ட சிலர் ஓர் ஆலோசனை தருவார்கள். உறைந்ததை ஏன் வாங்க வேண்டும், ஈரச்சந்தைக்குப் போய் முழு மீனாக, கண் முன்னால் வெட்டிய கறியாக வாங்கிச் சமைக்க வேண்டியதுதானே என்று. வீட்டில் சமையலறையும் காலையில் ஓய்வும் உள்ளவர்களுக்கு நல்ல ஆலோசனை. பூன் லே பிளேஸ் சந்தை இருக்கிறது, நடந்து போகும் தூரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் சந்தையின் மீன்கடைகள் விடியலில் திறந்து, பகலில் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிடும். வேலை நாட்களில் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை முடிந்து, லாரி பிடித்து விடுதிக்கு வந்து, குளித்துவிட்டு அண்ணனும் தம்பியும் வெளியே வரும்போது மணி எட்டரை. அப்போது விளக்கு எரிந்துகொண்டிருப்பது உறைபெட்டியில்தான்.